எனக்கான மௌன அஞ்சலியில் நானும் நின்றேன்

கோர்னா லிபா,
மே 27, புதன்கிழமை

அன்புள்ள தங்கை ஸ்தெவ்காவுக்கு,

அண்ணன் மெத்தோடி எழுதுவது. இங்கு நான் நலம். வழக்கமான வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இன்னொரு முறை படி. நான் நலம், உயிரோடு இருக்கிறேன். மாப்பிள்ளை கிரிலுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவர் புர்காஸுக்குப் போன பிறகும் நம் ஊர்ப் பத்திரிகையைத் தபாலில் வரவழைத்துப் படிக்கிறாரே, அதனால்தான் இந்த அவசரக் கடிதம். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் நான் காலமாகிவிட்டதாகப் போடப்போகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே ரயில் ஏறிவிடாதே. போன் செய்யலாம் என்றுதான் பார்த்தேன். செத்துப்போன அண்ணன் போனில் பேசினால் உன் ரத்த அழுத்தம் என்னாகும்?

தப்பு என்னுடையதுதான். மார்ச்சில் உன் அண்ணி தோப்ரின்காவுக்கு வருஷம் முடிந்ததல்லவா, எல்லோரையும் போல நினைவஞ்சலித் தாள் அச்சடித்து ஒட்டலாம் என்று போனேன். அவள் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. நாற்பத்தொரு வருஷமாகப் படம் எடுத்த புண்ணியவான்கள் எல்லோரும் எங்களைச் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். வாசகசாலை ஆட்டக் குழுவில் இருந்தபோது எடுத்த படத்தைக் கொடுத்து, என்னை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன். அச்சகத்து அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "உங்க கை அவங்க தோள்மேல கெடக்குதே ஐயா, உங்கள வெட்டினா அவங்க தோளும் போயிடும்" என்றாள். அவள் தோள் போக வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டேன். கீழே அவள் பெயர் மட்டும்தான் போட்டோம், ஆனால் அந்தத் தாளில் எழுத்தை யார் படிக்கிறார்கள்? படத்தைப் பார்ப்பார்கள், சிலுவையைப் பார்ப்பார்கள், அடப்பாவமே என்று நடையைக் கட்டுவார்கள். வாசல் கதவு, பேருந்து நிறுத்தம், ரொட்டிக் கடை, வாசகசாலைச் சுவர் என்று என் கையாலேயே பசை தடவி என் சாவை ஊரெல்லாம் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் தனியாக நிற்கும் வீட்டில் நான் இருக்கிறேனா போனேனா என்று யாருக்குத் தெரியும்? அவள் போனதிலிருந்து ஒரு ஈ காக்காய் இங்கே எட்டிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுத்துத் திருநாளுக்கு வாசகசாலையில் விழா வைத்தார்கள். லாச்சோ வருகிறான் என்று கேள்விப்பட்டுக் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். லாச்சோவை உனக்கு ஞாபகம் இருக்கும். எட்டு வருஷம் என் பெஞ்சிலேயே உட்கார்ந்து, என் கணக்கைப் பார்த்து எழுதியே தேறியவன். இப்போது நகரத் தலைவர். அவனிடம் எனக்கு ஆக வேண்டிய காரியம் எதுவும் இல்லை. "டேய் மெத்தோடி" என்று ஒரு தடவை கூப்பிட மாட்டானா என்றுதான் போனேன். என்னை டேய் போட இந்த ஊரில் வேறு ஆள் மிச்சமில்லை, ஸ்தெவ்கா.

கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. பெண்கள் வரவேற்புக்குத் தட்டில் ரொட்டியும் உப்பும் நீட்ட, அவன் பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டு, மென்றுகொண்டே பேச ஆரம்பித்தான். வாசகசாலைக்காக உழைத்து மறைந்தவர்கள் என்று நாலைந்து பெயர்களைச் சொன்னான். பிறகு, "என் பெஞ்சுக்காரன் மெத்தோடி, அவன் மனைவி தோப்ரின்கா... ரெண்டு பேரும் போயிட்டாங்க. போய்ப் பாக்கணும் பாக்கணும்னு முப்பது வருஷமா நெனச்சேன். அவன் காட்டலேன்னா நான் இன்னிக்கும் ஏழாங்கிளாஸ்லதான் இருப்பேன். எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிக்கணும்" என்றான். குரல் நிஜமாகவே உடைந்தது. எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே, நானும் எழுந்து தலை குனிந்து நின்றேன். கையைத் தூக்கியிருக்கலாம்தான். ஆனால் உயிரோடு இருந்தபோது என்னைப் பற்றி யாரும் இத்தனை நல்லதாகப் பேசியதில்லை, கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் வெளியூர் அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான மனுஷன் போல. உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள். "கொஞ்சம் பழக்கம்" என்றேன்.

விழா முடிந்து பின்முற்றத்துக்குப் போனால், லாச்சோ தனியாக நின்று, செத்தவர்களுக்கு ஊற்றுவது போல, கோப்பையிலிருந்து நாலு சொட்டு ஒயினை எனக்காக மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு கேமராகூட அங்கே இல்லை. நிமிர்ந்தவன் என்னைப் பார்த்ததும் வெளுத்துப் போனான்.

"டேய்... மெத்தோடி? நீ செத்துட்டேல்ல?"

"இல்லடா. இன்னும் இல்ல."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அழுது முடித்ததும் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பேச்சு பத்திரிகைக்குப் போயிடுச்சேடா. எதிர்க்கட்சிக்காரன் கைல மாட்டினா என்னைக் கிழிச்சுடுவான். ரெண்டு வாரம் இப்படியே இருந்துட்டுப் போயேன். வர்ற ஞாயித்துக்கெழம நானே வீட்டுக்கு வர்றேன், சத்தியமா" என்றான். அதற்குள் கார் ஹாரன் அடித்தது, போய்விட்டான்.

அவன் சொன்னால் நான் செத்தவனாகவே இருந்துவிடுவேனா? "மெத்தோடி நலமாக இருக்கிறார்" என்று இருபது தாள் அச்சடித்து வாங்கிவிட்டேன். சனிக்கிழமை எல்லா இடத்திலும் ஒட்டிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை லாச்சோவும் வந்துவிடுவான். ஆகவே நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே, மெனக்கெட்டு வரவும் வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், முழங்கால் மடக்கி நீட்டி, நீண்ட நாள் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அண்ணன்,
மெத்தோடி

பி.கு.: இன்று திங்கள். கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. அந்த இருபது தாளும் மேசை மேலேயே இருக்கின்றன. பத்திரிகை வந்ததிலிருந்து நாலு பேர் எனக்கு அஞ்சலி செலுத்த வந்துவிட்டார்கள், ஸ்தெவ்கா. கதவைத் திறந்தது நான்தான் என்றதும் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அக்கார்டியன் வாசிக்கிற ஸ்பாஸ் மூன்று மணி நேரம் பேசிவிட்டுப் போனான். வெளியே சொல்ல வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். சாவு வீட்டுக்கென்று எல்லோரும் இரட்டைப்படையில்தான் பூ கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கொத்திலும் ஒரு பூவை உருவி தோப்ரின்கா படத்துக்கு வைத்துவிட்டு, உயிரோடிருப்பவர்களுக்கு உரிய ஒற்றைப்படையாக மிச்சத்தை எனக்கு வைத்துக்கொண்டேன். இந்நேரம் நீயும் பத்திரிகையைப் பார்த்திருப்பாய். அழுதுகொண்டே வந்தாலும் பரவாயில்லை, வா. நேற்று லாச்சோவுக்காக இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தேன். அவன் மட்டும் வரவில்லை. நான் உயிரோடு இருப்பது அவனுக்குத் தெரியுமே.