அரிசி டிரம்முக்குள் ஒரு பிஸ்டன்

பார்த்திபனை ஒரு ஸ்கூட்டர் முந்திவிட்டது. அன்றைக்கு விழுந்த மனசு எட்டு நாளாகியும் எழுந்திருக்கவில்லை.

யாரோ எவனோ முந்தியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். திருப்போரூருக்கு முன்னால் இருக்கிற பாலத்து ஏத்தத்தில், அவன் புல்லட் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற நேரம், பெண்டாட்டியின் தம்பி துரை பக்கத்தில் வந்தான். திருப்போரூரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறவன். பின்னால் அவன் சம்சாரம், முன்னால் காலுக்கு நடுவில் ஒரு மூட்டை வெங்காயம். "வரேன் மாமா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் முந்தினான். அந்த மரியாதைதான் பார்த்திபனால் தாங்க முடியவில்லை.

கேளம்பாக்கத்தில் வீடு. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் மோட்டார் பம்பு, ஏசி எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது அந்த புல்லட் ஒன்றுதான். அதுவும் வெங்காய மூட்டையிடம் தோற்றுப்போனால் அப்புறம் சோறு இறங்குமா? ஐப்பசி மழை வேறு நசநசவென்று தூறிக்கொண்டே இருந்தது. வீடெல்லாம் காயாத துணி வாடை. ஒன்பதாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று சபதம் போட்டான். இனி அந்த ஸ்கூட்டர் என் புல்லட்டை முந்தக் கூடாது. என் புல்லட்தான் அதை முந்தணும்.

வழியைச் செல்போன் காட்டியது. ஸ்ட்ரோக்கர் இன்ஜின். உள்ளே சுற்றுகிற கிராங்கை எடுத்துவிட்டு வீச்சு பெரிசான கிராங்காகப் போட்டால் பிஸ்டன் முன்னைவிட அதிகமாக ஏறி இறங்கும், வண்டிக்கு இழுவை கூடும். பத்து மில்லிமீட்டர் வீச்சு கூடின கிராங்கும், அதைப் பிஸ்டனோடு இணைக்கிற கனெக்டிங் ராடும் ஒரே செட்டாக வரவழைத்தான். பிஸ்டனைத் தனியாக வாங்கினான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வீச்சு பத்து மில்லி கூடினால் பிஸ்டன் உச்சியில் அஞ்சு மில்லி அதிகம் ஏறும். ராடு பழைய நீளமே என்றால், ராடைக் கோக்கிற பின் ஓட்டை பிஸ்டனில் அஞ்சு மில்லி மேலே தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரைத் தாண்டிப் போய், மேலே மூடியிருக்கிற ஹெட்டில் முட்டிக்கொள்ளும். நம்ம ஆள் என்ன செய்தான்? பழைய பிஸ்டனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தான். புதுசையும் அப்படியே அளந்தான். ரெண்டும் ஒரே உயரம். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கையெல்லாம் எழுதி, 'ஓகே' போட்டு, கையெழுத்தும் போட்டான். பின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

கேட்க ஆள் இல்லையா? வீட்டிலேயே இருந்தாள். அவன் பெண்டாட்டி வரலட்சுமி, செங்கல்பட்டுப் பக்கம் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனியில், அளவு பார்க்கிற ரூமில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறவள். அவள் அளந்து பச்சைப் புள்ளி வைத்தால்தான் அங்கே சாமான் வெளியே போகும். ஆனால் அவளிடம் கேட்பதா? ஆடி மாசம் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அவள் இருட்டோடு கிளம்பி ரெண்டு பஸ் மாறிப் போகிறாள். உங்க வழியில பஸ் நிறைய கீது, வண்டியை எனக்குக் கொடுங்களேன், கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா புல்லட்டையே ஓட்டினவ நான் என்று கேட்டும் பார்த்தாள். புல்லட்டெல்லாம் பொம்பளை கைக்கு அடங்காது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். அந்த வாயால் இப்போது போய்ச் சந்தேகம் கேட்க முடியுமா?

ஆகவே ரகசியம். கிராங்க் செட்டை லாட்ஜ் பம்பு ரூமில் போட்டான். பிஸ்டனை மட்டும் கடல் உப்புக்காற்று தின்றுவிடும் என்று பயந்து, கணக்கு எழுதின தாளிலேயே சுற்றி, வீட்டு அரிசி டிரம்மின் அடியில் புதைத்தான். அரிசி குறைந்தால் மாட்டிக்கொள்வோமே? வாராவாரம் தானே அஞ்சு கிலோ வாங்கி வந்து மேலே கொட்டினான். கல்யாணமான நாளாக ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்தவனில்லை. வரலட்சுமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டான்.

மூன்று நாள் பம்பு ரூமில் கிடந்து இன்ஜினைப் பூட்டினான். டிரம்மிலிருந்து எடுத்த பொட்டலத்தின் காலண்டர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கிழித்துப் போட்டபோது, பிஸ்டனின் உட்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. செய்தவன் வைத்த முத்திரை, நல்ல சரக்கு என்று மெச்சிக்கொண்டான். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அதே பாலத்து ஏத்தத்தில் துரையின் ஸ்கூட்டரைத் தாண்டினான். "வரேன் மச்சான்." எத்தனையோ நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நாஸ்தா ருசித்தது.

சாயங்காலம் துரை வீட்டுக்கு வந்தான். அப்பாவின் புல்லட் சும்மாதான் நிற்கிறது, அதற்கும் இதே மாதிரி செய்யப்போகிறேன், அளவெல்லாம் சொல்லுங்க மாமா என்று போனை எடுத்து வைத்துக்கொண்டான். பார்த்திபன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, பிஸ்டன் என்பது என்ன என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தான். வரலட்சுமி உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"அந்த அளவை எந்தம்பிக்குச் சொல்லாதீங்க" என்றாள் மெதுவாக. "முட்டும்."

"இன்னா முட்டும்? என் வண்டி ஓடல?"

அவள் அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். காலண்டர் தாள். ஓகே. கையெழுத்து. உள்ளே அவன் வாங்கின பிஸ்டன்.

"மொத்த உயரத்தை அளந்துகீறீங்க. பின்லேர்ந்து மேல அளக்கணும். இதைப் போட்டிருந்தா மொத உதையிலயே ஹெட்டுல முட்டிகினு நின்னிருக்கும்."

பார்த்திபன் பிஸ்டனை எடுத்து, முதல் தடவையாகப் பின் ஓட்டையைப் பார்த்தான். "அப்ப வண்டிக்குள்ள ஓடிகினு கீறது?"

"நான் வாங்கி, வேற காலண்டர் தாள்ல சுத்தி வெச்சது. பின் அஞ்சு மில்லி மேல. பச்சைப் புள்ளிகூட வெச்சேன்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

கூடத்திலிருந்து துரை, மாமா அளவு என்று குரல் கொடுத்தான். நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா என்றாள் வரலட்சுமி. துரைக்குத் தெரிந்தால் மாமியார் வீட்டுக்கே தெரியும். அங்கிருந்து லாட்ஜுக்கு வந்துசேர எத்தனை நாழி ஆகும்? சொல்லிடாத என்று கெஞ்சினான். எல்லாம் நீங்களே அளந்ததாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனசோடு ஒத்துக்கொண்டாள். சரியான அளவு எழுதின சீட்டை ஒரு கையால் கொடுத்து, இன்னொரு கையை நீட்டினாள். அந்தக் கையில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது. பார்த்திபன் பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அதில் வைத்தான்.

திங்கள்கிழமை வரலட்சுமி ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினாள். பார்த்திபன் அவளுக்கு முன்னாலேயே டிபன் டப்பாவோடு கிளம்பி, தூறலில் பஸ் ஸ்டாப்பில் நின்றான். வந்த ரெண்டு பஸ்ஸும் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்து நின்றது துரையின் ஸ்கூட்டர். நல்லவன், திருப்போரூர் வரைக்கும் ஏறிக்குங்க மாமா என்றான். இன்றைக்குச் சரக்கு அதிகம், முன்னால் இடமில்லை. வெங்காய மூட்டை பார்த்திபன் மடிக்கு வந்தது.

பாலத்து ஏத்தத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. "வரேங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனாள் வரலட்சுமி.

பார்த்திபன் போட்ட சபதம் அப்படியே பலித்தது. அவன் புல்லட் அந்த ஸ்கூட்டரை முந்திவிட்டது.