ஒரே ரோல் எடுத்த விமர்சகர்

உலகத்தில் புகைப்படம் எடுப்பவர்கள் உண்டு, காமிராவுக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இவர் காமிரா வாங்கி ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரே ஒரு ஃபிலிம் ரோல் எடுத்திருப்பார். அந்த ரோலைக் கழுவி வாங்கிய நாளிலிருந்து, அடுத்தவர் எடுத்த படத்தில் இருக்கும் முகம் இவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. முகத்தின்மேல் விழுந்த நிழல் தெரியும், முகத்துக்குப் பின்னால் நிற்கும் கம்பம் தெரியும், கம்பம் கொஞ்சம் சாய்ந்திருப்பது தெரியும். இவரைப் பார்த்ததே இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை நாலு பேர் மத்தியில் பிரித்தபோது, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கு வழியாக "ம்" என்று ஓர் ஒலி எழுப்பினாரே, அவர்தான்.

இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒருவரைப் பக்கத்து மேஜையிலேயே வைத்துப் பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். தலைமை குமாஸ்தா ராஜாக்கண்ணு. சொந்த ஊர் படவேடு. வீட்டில் நெல்லும் கரும்பும். நல்ல மனிதர், யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் முதலில் போய் நிற்பவர். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிமேல் அவரைப் பற்றி நான் சொல்லப் போவதெல்லாம் வேறு மாதிரி இருக்கும்.

வேலூரிலிருந்த மைத்துனர் அவருக்கு ஒரு பழைய பெட்டிக் காமிராவைக் கொடுத்தார். எட்டுப் படம் எடுக்கலாம். ராஜாக்கண்ணு எட்டும் எடுத்தார். இரண்டு வெறும் வெள்ளை. ஒன்றில் அவருடைய கட்டைவிரல் மலைபோல எழுந்து நின்றது. மூன்றில் ஏதோ இருந்தது. அது மரமா மாமாவா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கருத்து. ஃபிலிமைச் சுற்ற மறந்ததால் ஒன்றில் இரண்டு படம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது. அவர் மனைவி சகுந்தலா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இன்னும் நான் மறக்கவில்லை.

"என்னயும் எருமையயும் ஒண்ணா எடுத்துட்டாரு. கொம்பு எனக்கு, பொடவ அதுக்கு."

எட்டாவது படம் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவு. அதில் இருந்தது, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்ற ராஜாக்கண்ணுவின் நிழல்.

இப்படி ஓர் அடி விழுந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? காமிராவைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டோம். இந்த இனம் அப்படியில்லை. எடுப்பதுதான் கஷ்டம், எடுத்ததைப் பார்த்துப் பேசுவது சுலபம் என்பது அதற்கு அன்றைக்கே விளங்கிவிடுகிறது. ராஜாக்கண்ணு வேலூரில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் பிடித்தார். படம் எடுக்கும் கலையைப் பற்றியது. நாற்பது பக்கம் படித்தார். இரண்டாவது ரோல் வாங்கவே இல்லை.

அன்று முதல் அலுவலகத்தில் எவரும் ஒரு படத்தை நிம்மதியாக வெளியே எடுக்க முடியாமல் போயிற்று. சுகாதார இன்ஸ்பெக்டர் கோபால்சாமி, முதல் பிறந்தநாள் முடிந்த தன் பெண் குழந்தையின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்து, வெட்கத்தோடு நீட்டினார். ராஜாக்கண்ணு அதை வாங்கிக் கையை முழுக்க நீட்டிப் பிடித்தார், ஒரு கண்ணை மூடினார், ஜன்னலோரம் கொண்டுபோனார், தலைகீழாகத் திருப்பினார், திரும்ப நேராக்கினார். இவ்வளவு நேரமும் அந்தத் தகப்பன் இன்ஜெக்‌ஷனுக்குக் கையை நீட்டியவர் மாதிரி நின்றிருந்தார்.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் ராஜாக்கண்ணு. "ஆனா..."

இந்த "ஆனா"வுக்குத்தான் இவர்கள் உயிர் வாழ்கிறார்கள்.

"கொழந்த எந்தப் பக்கம் பாக்குதோ, அந்தப் பக்கம் எடம் விடணும். விடல. லைட்டு போதல. நானா இருந்தா ஒரு அடி தள்ளி நின்னிருப்பேன்."

கோபால்சாமி அந்தப் படத்தை அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவில்லை. அவர் பெண் சிரித்த சிரிப்பைப் பற்றி ராஜாக்கண்ணு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்று, "ஆமாமா, ஒரு அடி தள்ளி நின்னிருக்கலாம்" என்றேன். இந்த இனத்துக்கு எப்போதும் பக்கத்தில் ஓர் "ஆமாமா" தேவைப்படும். அந்த வேலையை நான் பார்த்தேன்.

அந்த வருஷம் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமத்துக்கு ஜீப் போகும்படி தடம் போட்டார்கள். ஊர் ஆட்களே எட்டு மாதம் பாறை உடைத்துப் போட்டது. முன்னால் நின்று அந்த வேலையை நடத்தியவர் சடையன். அந்த மலைக்காரர். அதிகம் பேசமாட்டார். கடைசிப் பாறையை நெம்பியபோது வலது கையின் இரண்டு விரல் நசுங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்தவர். முதல் ஜீப் ஊருக்குள் வந்த நாளில் எல்லோரையும் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்று எங்கள் ஆபீசர் விரும்பினார். வாணியம்பாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த முக்தார் அகமதுவை வரவழைத்தார்கள். மூன்று கால் ஸ்டாண்டும் கறுப்புத் துணியும் படம் பதியும் கண்ணாடித் தகடுகளுமாக வந்து இறங்கினார் அவர். வழியில் ஓர் ஓடை. ஜீப்பின் பாரத்தைக் குறைக்க எல்லோரும் இறங்கியபோது, ஸ்டாண்டைத் தோளில் வைத்து அக்கரை சேர்த்தவர் சடையன்தான்.

ஆபீசர் நடுவில் உட்கார்ந்தார். சுற்றி இருபது பேர். ராஜாக்கண்ணு முக்தார் அகமதுவுக்குப் பின்னால் நின்று, இரண்டு கைவிரல்களாலும் ஒரு சட்டம் செய்து, அதன் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் தயாரானபோது முக்தார் அகமது கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"அந்த ஆளு எங்க? கையில கட்டுப் போட்டவரு? அவரு வரட்டும், சார்."

சடையன் மரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தார். கூப்பிட்டுக் கடைசியில், வலது ஓரத்தில் நிற்க வைத்தார்கள். அவருக்கு இடம் வேண்டுமென்று முக்தார் அகமது ஸ்டாண்டை இரண்டு அடி பின்னால் நகர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். அதற்குப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முக்தார் அகமது பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரிய அளவில் பிரின்ட் போட்டு அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஆபீசர் அதைப் பார்த்தார். தன் முகம் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, "ராஜாக்கண்ணு, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். எப்படி இருக்கு?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இருபத்திரண்டு வருஷமாகக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவர். இன்னொரு பக்கம் நாற்பது பக்கமும் ஒரு கட்டைவிரலும். யாரிடம் கேள்வி போகிறது? முக்தார் அகமதுவிடம் போகாது. அவர்தான் எடுத்துவிட்டாரே.

ராஜாக்கண்ணு கையை நீட்டினார், கண்ணை மூடினார், ஜன்னலோரம் போனார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா கூட்டம் இடது பக்கம் கெட்டியா இருக்குது, வலது பக்கம் வால் மாதிரி நீளுது. கடைசில ஒரு ஆளு தனியா நிக்கிறாரு. கண்ணு அங்கயே போவுது. ஆபீசர் மேல நிக்கமாட்டேங்குது."

முக்தார் அகமது மரியாதையாகவே கேட்டார்.

"நீங்க எத்தினி வருஷமா எடுக்கறீங்க, சார்?"

"வருஷம் இன்னாங்க வருஷம். பார்வை வேணும்."

"அது சரிதாங்க," என்றார் முக்தார் அகமது. குடையை எடுத்துக்கொண்டார். மலையிறங்கும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ஃபிரேம் போடும் நாளில் ராஜாக்கண்ணு புத்தகத்தின் முப்பத்தேழாவது பக்கத்தைத் திறந்து காட்டினார். வேண்டாததை வெட்டிவிட்டால் படம் உயிர்பெறும் என்று அதில் போட்டிருந்தது. "வலது ஓரத்துல மூணு விரல் அகலம் எடுத்துடு" என்றார். நான்தான் ஸ்கேல் வைத்து, பிளேடால் கீறினேன். துண்டு தரையில் விழுந்தது. பெருக்கிப் போட்டுவிட்டார்கள். படத்தைச் சுவரில் மாட்டியதும் எல்லோரும் தள்ளி நின்று பார்த்து, இப்போதுதான் கச்சிதமாக இருக்கிறது என்றோம். கண் நேராக ஆபீசர்மேல் போய் நின்றது.

ஐப்பசி மழையில் மலைமேல் காய்ச்சல் பரவியது. அதில் சடையன் இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து, சந்தை நாளில், தலையில் புளி மூட்டையோடு ஒரு பெண் அலுவலக வாசலில் வந்து நின்றார். மூட்டையை இறக்கிவிட்டு, சுவரிலிருந்த படத்தின் முன்னால் போனார். குப்பம்மா. சடையனின் மனைவி. புருஷன் படத்தில் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விடியுமுன் கிளம்பி, மூட்டையோடு நடந்தே வந்திருக்கிறார்.

இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். வலது ஓரம் வந்தது. திரும்ப இடதுக்குப் போனார். இன்னொரு முறை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுல எங்க வூட்டுக்காரரு இல்லீங்களா, சாமி?"

ராஜாக்கண்ணு எழுந்து வந்தார். பழக்கம் விடாது. அவர் விளக்க ஆரம்பித்தார்.

"இருந்தாரும்மா. ஓரத்துல. படத்துக்கு அந்த ஓரம்..."

அங்கே நின்றுவிட்டார். அடுத்த வார்த்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நூறு தடவை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எங்கனா ஓரமாத்தான் நிப்பாரு," என்றார் குப்பம்மா. "அவரு சொபாவம் அது. வேற படம் ஏதும் இல்லீங்க. மூஞ்சியாச்சும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்க நான் கை கொடுத்தேன். பிளேடு பிடித்த அதே கை. ராஜாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார், மூடினார், திரும்பப் பிரித்தார். மத்தியானம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்து வாணியம்பாடிக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"தகட்ட வெச்சிருப்பாரா?"

எனக்கும் அதே பயம்தான். பழைய தகடுகளைச் சுரண்டிக் கழுவி, கண்ணாடியை ஃபிரேமுக்குப் போட்டுவிடுவது ஸ்டுடியோக்காரர்களின் வழக்கம். படம் எடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

முக்தார் அகமது நாங்கள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். வெட்டியதைச் சொன்னபோது மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே போனார். பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. ராஜாக்கண்ணு அந்தச் சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"இருக்குது," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மறுநாள் காலைவரை அங்கேயே தங்கினோம். சடையனை மட்டும் தனியாகப் பெரிதுபண்ணி, ஈரம் காயாத பிரின்டைக் கிளிப்பில் தொங்கவிட்டார் முக்தார் அகமது. பிறகு ஒதுங்கி நின்று, ராஜாக்கண்ணுவுக்கு வழி விட்டார்.

"பாருங்க சார். எப்பிடி இருக்குதுன்னு நீங்க சொல்லணும்."

அவர் கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ராஜாக்கண்ணு பார்த்தார். கண்ணை மூடவில்லை, கையை நீட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்குது," என்றார். நான் காத்திருந்தேன். முக்தார் அகமதுவும் காத்திருந்தார். அந்த "ஆனா" வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் நெல்லிவாசல்நாட்டுக்குப் போனோம். குப்பம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். அவர் காமிராவைத் தொட்டதில்லை. ஒரு புகைப்படத்தைக் கையில் வாங்குவதே அன்றுதான் முதல் தடவை. அவரைவிடப் புதியவர் இந்தக் கலைக்கு இருக்க முடியாது. ஆனால் அவர் பார்த்தார் பாருங்கள், அப்படி யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

"வெயில்ல கண்ண இடுக்கினு நிக்கிறாரு," என்றார். "கட்டுப் போட்ட கைய முதுகுக்குப் பின்னால மறைக்கப் பாத்திருக்காரு. மறைக்க முடியல. நான் பாத்தா திட்டுவேன்னு வூட்லயும் இப்பிடித்தான் வெச்சினு நிப்பாரு." சற்று நேரம் கழித்து, "எடுத்தவரு கெட்டிக்காரரு," என்றார்.

முக்தார் அகமதுவை அடுத்த முறை பார்த்தபோது இதைச் சொன்னேன். கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார். "அந்தக் கைக்கோசரந்தாங்க ஸ்டாண்ட நவுத்தினேன்," என்றார். "இத்தினி நாள்ல அதப் பாத்தவங்க அந்தம்மா ஒருத்தருதான்."

ஆகவே, ஆரம்பநிலைக்காரர் அடுத்தவர் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், தாராளமாகச் சொல்லட்டும் என்பேன். முதலில் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ராஜாக்கண்ணு திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். பதினோரு நாள் திருந்தியிருந்தார். பன்னிரண்டாம் நாள் தபாலில் வந்த ஒரு காலண்டரைப் பிரித்து, யானையின் தும்பிக்கை ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. யானையைக் கேட்டு வருவதற்கு யாரும் இல்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள் என்று நினைக்கிறேன். நடுநடுவே உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும்: "நல்லாத்தான் எழுதியிருக்கான், ஆனா அந்த ரோலைப் பற்றிய பத்தியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். நானாக இருந்தால் குப்பம்மாவிலிருந்து ஆரம்பித்திருப்பேன்." தப்பில்லை. சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். இதுவரை நீங்கள் எத்தனை ரோல் எழுதியிருக்கிறீர்கள்?