தவறுக்கு மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது

அன்பும் மரியாதையும் மிக்க அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடமும் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்த துண்டுகளை ஒரே குப்பைக்கூடையில் போடாதீர்கள். இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அம்மா நலம், அப்பா நலம். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிற நான் மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமை வரைதான் நலம்.

டேப்லெட் இருக்க இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நான் பாடம் படிக்கிற டேப்லெட் அப்பாவின் போனோடு இணைந்தது. அவருக்கு வரும் செய்தியெல்லாம் இதிலும் வரும், இதிலிருந்து நான் எதை அனுப்பினாலும் அப்பா பெயரில்தான் போகும். அப்பா பெயரில் போனது ஏற்கெனவே போதும் அத்தை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா லிஃப்ட் பழுதுபார்க்க உள்ளே இறங்கிவிட்டால் போனை எடுக்க முடியாது. அதனால், "இன்ஜினியரம்மா, யாராவது மெசேஜ் போட்டா 'வேலையில் இருக்கிறேன்'னு அதுவே சொல்ற மாதிரி ஏதாவது பண்ணு" என்று போனை என்னிடம் கொடுத்தார். நம் வீட்டில் ரிமோட் தொலைந்தாலும் இன்ஜினியரம்மாதான், ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் இன்ஜினியரம்மாதான். நானும் தினமும் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை தானாகப் பதில் போகும்படி வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்த வாரம் எனக்குக் கணக்கில் பதினொன்று. நூற்றுக்கு. வகுப்பு டீச்சர் அப்பாவுக்குச் செய்தி அனுப்பப் போவதாகச் சொல்லியிருந்தார். ஆகவே டீச்சருக்கு மட்டும் தனியாக ஒரு பதில் எழுதி வைத்தேன்: "தவறுக்கு மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது. வீட்டில் கண்டித்து வைக்கிறேன்." செய்தியும் பதிலும் அப்பா கண்ணில் படுமுன் டேப்லெட்டிலிருந்து அழித்துவிடலாம் என்பது திட்டம். டீச்சர் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேலே "எல்லோருக்கும்" என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. என் விரல் அதில்தான் பட்டிருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஒரு அடுக்குமாடியின் செயலாளர், "லிஃப்ட் நாலாவது மாடில நிக்குது, உள்ள ரெண்டு பேர்" என்று அனுப்பினார். "இனி இப்படி நடக்காது. வீட்டில் கண்டித்து வைக்கிறேன்" என்று போனது. அவர், "யாரை? லிஃப்டையா?" என்று கேட்டார். அதற்கும் மன்னிப்புப் போனது. அப்பா வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆனதற்கு மேனேஜர் வாழ்த்து அனுப்பினார். "தவறுக்கு மன்னிக்கவும். இனி இப்படி நடக்காது" என்று போனது. அம்மா, "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று கேட்டிருந்தாள். அன்று சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள், "யாரை யாரு கண்டிக்கிறது? ம்? சொல்லுங்க, யாரை யாரு?" என்று ஆரம்பித்தவள் சாப்பிட்டுத் தட்டு கழுவும்வரை நிறுத்தவில்லை. அப்பா பாவம், "நான் என்னடி பண்ணேன்?" என்று ஏழு முறை கேட்டார். நான் கணக்குப் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக.

டீச்சர் கதை வேறு. என்ன அனுப்பினாலும் ஒரே நொடியில் பணிவாகப் பதில் வந்ததால், "இவ்வளவு பொறுப்பான அப்பாவை நான் பார்த்ததே இல்லை" என்று உருகி, பெற்றோர் கூட்டத்தில் அவரைப் பேச அழைத்திருக்கிறார். தலைப்பு, பிள்ளைகளைக் கவனிப்பது எப்படி.

இதெல்லாம்கூடப் போகட்டும் அத்தை. அதே திங்கட்கிழமை நீங்கள் அனுப்பினீர்களே, "நாலு வருஷம் ஆச்சு. ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடா உனக்கு?" என்று. அதற்கு மன்னிப்புக் கேட்டது அப்பா இல்லை. நான் கணக்கு டீச்சருக்கு வைத்த பதில்.

நீங்கள் உடனே எழுதினீர்கள்: "கண்டிக்கல்லாம் வேணாம்டா, உன் பொண்டாட்டி பாவம். நீ கேட்டதே போதும். அழுதுட்டேன்." நானும் அழுதேன், பயத்தில். அந்த வாஷிங் மெஷின் சண்டை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா தானே சரிசெய்கிறேன் என்று உங்கள் புது மெஷினைப் பிரித்து, மாட்டி முடித்தபோது கையில் மூன்று ஸ்க்ரூ மிச்சம். மெஷின் நடந்தே கூடத்துக்கு வந்து தண்ணீரைக் கொட்டியது. நீங்கள், "லிஃப்ட் மெக்கானிக் கைல குடுத்தா அது ஊர்வலம்தான் போகும்" என்றீர்கள். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். அன்றோடு எனக்கு விடுமுறையும் போயிற்று, அத்தையும் போயிற்று.

இனிதான் பெரிய பயம். அன்று இரவு ஒன்பது மணிக்கு, "ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டீர்கள். ஆறு மணிக்கு மேல் தானாகப் பதில் போகாது. ஆனால் டேப்லெட்டில் "எழுதுகிறார்" என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. நாற்பது நிமிடம் கழித்து, "வா அக்கா" என்று போனது. அதை நான் வைக்கவில்லை! அப்பாவாகவும் இருக்க முடியாது. அவருக்கு "சரி" என்று அனுப்பவே நான் வேண்டும். மேலும் அப்போது அவர் தண்ணீர்த் தொட்டி பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருந்தார். போன் தானாகவே கற்றுக்கொள்ளும் என்று விளம்பரத்தில் சொன்னார்களே, கற்றுக்கொண்டுவிட்டது அத்தை. இனி அது யாரையெல்லாம் வீட்டுக்கு அழைக்குமோ.

டேப்லெட்டிலிருந்து இதை நிறுத்த முடியாது, போனில் நிறுத்தலாம் என்றால் அப்பா அதைத் தருவதில்லை. "குடுங்கப்பா, அப்டேட் பண்ணித் தரேன்" என்றேன். "இருக்கிறதே போதும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படுக்கும்போதும் அதே சட்டை.

நீங்கள் வந்து, "மன்னிப்புக் கேட்டியே" என்று ஆரம்பித்தால் அவர், "நான் எப்போ கேட்டேன்?" என்பார். மறுபடி நான்கு வருடம். இந்த முறை என்னால். உண்மை தெரிந்தால் நீங்கள் வரவே மாட்டீர்கள், அதுவும் தெரியும். ஆனால் ஏமாந்து வந்து அவமானப்பட்டுத் திரும்புவதைவிட இது மேல் என்றுதான் எழுதுகிறேன். எப்படியாவது நீங்கள் மட்டும் என்னை

அத்தை, கதவைத் தட்டுகிறார்கள்

பி.கு: அக்கா, நான்தான். கதவுக்கு அடியில வெளிச்சம் தெரிஞ்சுது. புள்ள அழுது முடிச்சு இப்பதான் தூங்குறா. அவ எழுதினது நிஜம், அந்த மன்னிப்பை நான் கேக்கல. மேனேஜர் அன்னிக்கே என்னைக் கூப்பிட்டு, "இருபது வருஷமா என்னய்யா தப்பு பண்ணே?"ன்னு விசாரிச்சுட்டார். அப்பவே நிறுத்தச் சொல்லியிருப்பேன், வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீ அழுததைப் படிச்சுட்டேன். அதான் வீட்டுல ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். போனைக் குடுத்தா இவ அந்தத் தானா போற பதிலை எடுத்துடுவாளேன்னு பையிலயே வச்சிருக்கேன். கணக்குல பதினொண்ணுங்கிறது இந்த லெட்டரைப் பாத்துதான் தெரியும், அதை நாளைக்கு வச்சுக்கறேன். "வா அக்கா" மட்டும் நான் அடிச்சது. தொட்டிமேல உக்காந்து ஒத்த விரலால அடிச்சேன். அந்த மூணு ஸ்க்ரூவும் டப்பாவுல பத்திரமா இருக்கு. மன்னிப்பை நேர்ல கேக்கணும்னுதான் இருக்கேன். எனக்கு வாய் வரலேன்னா, எதிர்லயே உக்காந்து ஒரு மெசேஜ் போடு. ஆறு மணிக்குள்ள போடு, அதுக்கு மேல அது வேலை செய்யாது.