குழி தேடி ஓடின மெத்தை அண்ணை

முல்லைத்தீவு மாவட்டத்திலை நல்ல றோட்டைக் கண்டு எரிச்சல்பட்ட ஒரே மனுசன் மெத்தை அண்ணைதான். வழுவழுப்பான காப்பெற் றோட்டிலை ஏறினாலே முகம் சுண்டிப்போகும். "உதிலை ஓடுறதுக்கு மாட்டுவண்டில் காணுமே!" எண்டு புறுபுறுத்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் குழி தேடுவார்.

முள்ளியவளையிலை வாடகைக் கார், ஹயர் ஓடினவர். சொந்தப் பேர் இண்டைக்கும் எனக்குத் தெரியாது. யப்பானிலை இருந்து வந்த பழைய கார் ஒண்டை வாங்கினாப்பிறகு அவருக்கு வேறை கதையே இல்லை; மெத்தை மாதிரிப் போகுமெண்டு சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் வந்தது. மனுசன் ஒரு இடத்திலை நிக்கமாட்டார். ரீ குடிக்கேக்கையும் ஒரு கால் ஆடும், கை கார்த் திறப்பைச் சுழட்டும். ஆனா கார் மட்டும் ஆடக்கூடாது.

"இஞ்சை பாருங்கோ தம்பி, நாலு சில்லுக்கும் குலுக்கம் தாங்க நாலு ஷொக்கப்சோபர். எல்லாக் காரிலையும் இருக்குத்தான். ஆனா அதுகள் ஒண்டில் மெதுவா இருக்கும், ஒண்டில் விறைப்பா இருக்கும். மெதுவெண்டா வளைவிலை கார் சரியும். விறைப்பெண்டா குழியிலை இடுப்பு நாரி போகும். என்ரை கார் றோட்டைப் பாத்துத் தானே மாத்தும். உள்ளுக்கை எண்ணெய் ஓடுற வழியை ஒரு வால்வு திறக்கும், ஒடுக்கும். குழியெண்டா இளகும், வளைவெண்டா இறுகும். நீங்கள் கண்ணை மூடித் திறக்க முந்தி!"

சொல்லுறதோடை விட்டாப் பரவாயில்லை. காட்டவும் வேணும். ஒருநாள் எங்கடை கந்தோர்ப் பெரியவர் கூட்டமெண்டு அவசரமா ஏறினார். இவர் நேர் றோட்டை விட்டிட்டுக் குளக்கட்டுக் கிரவல் றோட்டாலை திருப்பிப்போட்டார்.

"ஏன் காணும் இதாலை?"

"ஒருக்கா அனுபவிச்சுப் பாருங்கோ சேர்!"

சேர் போய்ச் சேரேக்கை கூட்டம் முடிஞ்சு வடையும் முடிஞ்சுது.

இன்னொருநாள் கோயிலுக்குப் போன பரமேசக்காவின்ரை மடியிலை மூடியில்லாத தயிர்முட்டி ஒண்டை வைச்சார். "ஒரு சொட்டுச் சிந்தினா என்ரை மீசையை வழிக்கிறன்!" அஞ்சு வளைவையும் கார் சரியாமல் எடுத்துது. ஆறாவதிலை எருமை ஒண்டு குறுக்கை வர, அமத்தினார் பிறேக். பட்டுச்சீலை முழுக்கத் தயிர்.

"அக்கா, இது ஷொக்கின்ரை பிழை இல்லை. எருமையின்ரை பிழை!"

"எந்த எருமையெண்டு எனக்குத் தெரியும். முதல்லை மீசையை வழி!"

ஒரு மாதம் மொட்டை முகத்தோடை திரிஞ்சார்.

இப்பிடிப்பட்ட ஆளின்ரை காரிலை என்ரை மனுசியை ஏத்துவன் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. அவளுக்கு எட்டாம் மாதம். அதுக்கு முந்தி ரெண்டு கரு தங்கேல்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலை சேர்க்கவேணும், வழியிலை குலுக்கம் கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். குலுங்காத கார் ஊரிலை ஒண்டுதான் இருந்தது.

காலமை வெளிக்கிட்டம். பாதி வழியிலை, மதகு கட்டக் கிண்டிவைச்ச றோட்டு. அதுக்குள்ளை இறங்க முந்தி டாஷ்போட்டிலை மஞ்சள் லைற் ஒண்டு பத்தினது. மெத்தை அண்ணை காரை நிப்பாட்டினார். இறங்கி நாலு மூலையையும் அமத்திப் பாத்திட்டு வந்தார்.

"தம்பி, பின் இடப்பக்க ஷொக் வேலை செய்யேல்லை. விறைச்சுப்போய் நிக்குது."

நான் றோட்டை எட்டிப் பாத்தன். "வேறை வாகனம் பிடிப்பமோ?"

"வந்தா பஸ்தான் வரும். அதிலை ஏத்தப் போறியளே? நீங்கள் இடப்பக்கம் மாறி இருங்கோ. பிள்ளை, நீ வலப்பக்கம் தள்ளி இரு."

திரும்ப இறங்கி, கொஞ்சம் இளகட்டும் எண்டு அந்தச் சில்லிலை காத்தைத் திறந்து விட்டார். பிறகு தொடங்கிச்சுது பாருங்கோ! ஒவ்வொரு குழிக்கும் காரை நிப்பாட்டுவார், முன்னாலை ஓடுவார், காலாலை ஆழம் பாப்பார், கல்லைப் போட்டு மண்ணைக் கையாலை தள்ளி நிரப்புவார், திரும்ப ஓடிவந்து ஏறி நத்தை மாதிரி உருட்டுவார். பின்னாலை வந்த லொறிக்காரன் ஹோர்னை அமத்த, "பொறடா! பிள்ளைத்தாச்சி இருக்கு!" எண்டு ஒரு கத்தல். அவனும் இறங்கி வந்து மண் தள்ளினான். எனக்கெண்டா ஒவ்வொரு குழியும் ஒரு யுகம். போய்ச் சேர மத்தியானமாச்சு.

டொக்டர் பாத்திட்டு, "வயித்திலை பிள்ளை நல்லா இருக்கு" எண்டார். வெளியிலை வந்து பாத்தா, முழங்கால் மட்டும் சேறோடை மெத்தை அண்ணை அங்கையும் இஞ்சையும் நடந்துகொண்டு நிக்கிறார். மனுசியைச் சக்கரக் கதிரையிலை வைச்சு வாட்டுக்குக் கொண்டுபோகேக்கை ஓடிவந்து மறிச்சார்.

"பிள்ளை, குலுங்கினதே? உண்மையைச் சொல்லு."

"ஐயோ அண்ணை, ஒண்டுமே தெரியேல்லை."

மனுசன் அப்பிடியே சுவரோடை கிடந்த வாங்கிலை குந்தி குழந்தை மாதிரி அழுதார்.

குழிக்குக் குழி அவள் பயத்திலை இறுக்கிப் பிடிச்சதிலை, என்ரை மணிக்கட்டிலை நாலு நகமும் சிவப்பாப் பதிஞ்சு கிடந்தது. நான் சட்டைக்கையை மெல்ல இழுத்து மூடினன். அந்த நல்ல மனுசன்ரை கண்ணிலை அது படக்கூடாது.