கண்டக்டரின் நல்ல கிருமிகள்

தன் குடலுக்குள் குடியிருக்கும் கிருமிகளை ‘அவங்க’ என்று மரியாதையாகச் சொன்ன மனிதர் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் கீமோ வார்டில் அவருக்குக் கண்டக்டர் என்று பெயர். மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எங்கள் இருவருக்கும் மருந்து ஏறும்.

கீமோ கட்டியை அடிக்கும்போது வயிற்றையும் சேர்த்தே அடித்துவிடும். மூன்றாம் நாளிலிருந்து கழிப்பறைதான் நம் முகவரி. கண்டக்டரின் பேதிக்கு டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார்.

“இதுல உயிரோட நல்ல கிருமி இருக்கு. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. பாப்போம்.”

கண்டக்டர் காதில் ‘உயிரோட’ மட்டும்தான் விழுந்தது. அதன்பின் மாத்திரையைச் சட்டைப்பையில் வைக்கமாட்டார், வெயில் படுமாம். டீ குடித்தால் அரைமணி நேரம் பொறுத்துத்தான் விழுங்குவார்.

“சுடச்சுட ஊத்துனா அவங்க செத்துருவாங்கல்ல?”

“உங்க ஆளுங்க சௌக்கியமா?” என்பார் நர்ஸ்.

“கோடிக்கணக்குல ஏறியிருக்காங்க சிஸ்டர். சீட்டுக்கு ஒருத்தரும் சண்டை போடல!”

பேதி குறைந்தது. மாத்திரையாலா, கூடவே கொடுத்த மற்ற மருந்தாலா என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. கண்டக்டருக்குச் சந்தேகமே இல்லை. அடுத்தமுறை தூக்குப்போசி நிறையப் புளித்த மோர் விட்டுக் கரைத்த ராகிக்கூழோடு வந்துவிட்டார், வார்டுக்கே ஊற்றுவதற்கு. முதல் டம்ளர் எனக்கு. வாயருகே கொண்டுபோகும்போது டாக்டரம்மா நுழைந்தார்.

“கீழ வைங்க! அவருக்குக் கிருமியை எதிர்க்கிற வெள்ளணு ரொம்பக் கம்மி. இந்த நெலமைல நல்ல கிருமியே ரத்தத்துல கலந்தா ஆபத்து. அந்த மாத்திரையைக்கூட நான் அவருக்கு எழுதலை.”

கண்டக்டர் முகம் சுண்டிப்போயிற்று. “நல்லவங்கன்னு நம்பி உங்களைக் கொன்னிருப்பேனேங்க...”

அந்தச் சுற்றில் என் வயிறு மோசமாகப் படுத்தியது. இனி கீமோவே வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அது எப்படியோ கண்டக்டருக்குத் தெரிந்து, காலை ஆறு மணிக்கெல்லாம் போன் வரத் தொடங்கியது.

“எத்தனை தடவை போனீங்க?”

“அஞ்சு.”

“உப்புச்சர்க்கரை தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“பொய்யி. வூட்ல அக்காகிட்ட போனைக் குடுங்க.”

ஒருநாள் காலை எண்ணிக்கை ஒன்பதுக்குப் போனது. “ஆட்டோ புடிங்க. இப்பவே!” என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. மருந்தின் அளவைக் குறைத்தார். நானும் கீமோவைத் தொடர ஒப்புக்கொண்டேன்.

கண்டக்டருக்குச் சிகிச்சை எனக்கு முன்பே முடிந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருக்குமே என்ற நினைப்போடு எங்கள் ஊர் நல்லம்பள்ளியில் பஸ் ஏறிப் போனேன். கையில் ஊசி எதுவும் இல்லாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“உங்களுக்குத்தான் முடிஞ்சிருச்சே, எதுக்குங்க வந்தீங்க?”

“வூட்ல கரண்ட் இல்லீங்க” என்றார்.

ஐந்து மணி நேரம், என் மருந்து சொட்டி முடியும்வரை, எழுந்து போகவே இல்லை. எனக்கு இன்னும் மூன்று சுற்றுகள் பாக்கி இருந்தன. மூன்று தடவையும் அவர் வீட்டில் கரண்ட் இல்லை.