பதினாறு புள்ளி ஆளின் முழங்கால்

உலகத்தில் ஒருவர்கூட நேராக நடப்பதில்லை என்று அடித்துச் சொல்லும் ஒரே ஆள் எங்கள் நரம்பு அண்ணாச்சிதான். குற்றாலத்தில் நான் மேனேஜர் என்ற பட்டத்தோடு சாவி எடுத்துக் கொடுக்கும் லாட்ஜின் பின்பக்கம், ஒரு மரபெஞ்சு போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். அவருடைய உண்மையான பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். என்ன உபாதை சொன்னாலும் "எல்லாம் நரம்புவே" என்பார். தூக்கம் வராததற்கும் நரம்பு, மருமகள் முகம் கொடுத்துப் பேசாததற்கும் நரம்பு.

பெஞ்சில் படுக்கிறவர்களோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறான் என்று பார்த்து அவனுடைய இடுப்புக்கு வயது சொல்லுவார். ஒருமுறை காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து யாருடைய வாழைப்பழத்தையோ தின்றுகொண்டிருந்த குரங்கைப் பார்த்து, "பாவம், வாலடியில வாயு பிடிச்சிருக்கு" என்று உச்சுக்கொட்டினார். அந்தக் குரங்கு அவர் தோள் துண்டையே பிடுங்கிக்கொண்டு ஓடியது. அப்போதும் அண்ணாச்சி துண்டைப் பார்க்கவில்லை, ஓடுகிற தினுசைத்தான் பார்த்தார்.

இப்படிப்பட்டவர் கண்ணில் எங்கள் வீடியோ கேம் பட்டிருக்கக் கூடாது.

முதலாளியின் தம்பி எந்தக் காலத்திலோ துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட் கேம் அது. பழைய டப்பா டிவியோடு ரிசப்ஷனில் கிடக்கும். ரூம் கேட்டு ஆள் வராத நேரத்தில் நான் ஆடுவேன். நீலச்சட்டைக்காரன் ஒருவன் ஓட வேண்டும், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் கதை. சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் ஆன ஆள், மொத்தம் பதினாறு புள்ளி உயரம். மூக்கு கிடையாது. கண் ஒரே ஒரு புள்ளி.

ஒரு நாள் டீ டம்ளரோடு வந்து நின்ற அண்ணாச்சி, டீ ஆறிப்போகும்வரை திரையையே பார்த்தார்.

"மேனேஜரே, இவன் நொண்டுதான்."

"யாரு?"

"இந்த நீலச்சட்டைதான். இடது முழங்கால் பிடிச்சிருக்கு. கைய வீசுதானா பாரும், வீசல. தோள்பட்டையும் போச்சு. கண்ணு கீழ பாக்கு. வலி உள்ளவந்தான் தரையப் பாத்து நடப்பான்."

"அண்ணாச்சி, கண்ணே ஒரு புள்ளிதான். அது எங்கன பாக்குன்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா முதுக வச்சே ஆளச் சொல்லுதேன். எனக்கு ஒரு புள்ளி போதாதா?"

பேச்சு சுவாரசியத்தில் நான் பட்டனை அமுக்க மறந்தேன். நீலச்சட்டை பள்ளத்தில் விழுந்தான். "பாத்தீரா! கால் ஏமாத்திட்டு" என்றார் அண்ணாச்சி. பழி என் மேல் வராததால் நானும் மறுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து சிகிச்சையே கெட்டது. கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு ஒரு காலில் மட்டும் எண்ணெய் தேய்த்துவிட்டு, இதோ வருகிறேன் என்று டிவி முன்னால் வந்து நின்றுவிட்டார். அந்த மனிதர் ஒரு கால் மினுங்க, மறு கால் காய, துண்டைக் கட்டிக்கொண்டு ரிசப்ஷனுக்கே தேடி வந்தார். "ரெண்டு நிமிசம் பொறும், இவன் அந்த மேட்ட ஏறட்டும்" என்று அவரிடம் அண்ணாச்சி சொன்னதை, வாசலில் நின்ற முதலாளி கேட்டுவிட்டார்.

"இனி கஸ்டமர் முன்னால அந்தப் பொட்டியப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீரு, பெஞ்சத் தூக்கிட்டுக் கிளம்பிரும்" என்றார் முதலாளி.

சீசன் நடுவில் பெஞ்சு போட குற்றாலத்தில் வேறு இடம் கிடைக்காது. ஒவ்வொரு லாட்ஜுக்கும் அதனதன் ஆள் உண்டு. சாரல் பெய்யும் இரண்டு மூன்று மாதப் பிழைப்பில்தான் அண்ணாச்சியின் வருடம் முழுவதும் ஓட வேண்டும். முகம் சுருங்கிப்போய், "வாயத் தொறக்க மாட்டேன் மொதலாளி" என்றார்.

நாலு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் மெயினருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்து முடித்தவர்கள் போக்கிடம் இல்லாமல் ரிசப்ஷனில் பேப்பரை விரித்து, பொரித்த அப்பளம்போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொழுது போகட்டும் என்று கேமைப் போட்டேன். அது என் தப்புதான்.

மதுரையிலிருந்து மனைவியோடு வந்திருந்த எலும்பு டாக்டர் ஒருவர் திரையைப் பார்த்து, "எவ்வளவு நல்லா ஓடுறான் பாருங்க, நல்ல மூட்டு" என்றார்.

அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக் கடித்தார். ஓரமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முதலாளியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அப்புறம் துண்டு கீழே விழுந்தது.

"டாக்டரே, அவன் நொண்டுதான்!"

முதலாளி பேப்பரை மடித்தார். டாக்டரின் மனைவி செல்போனில் திரையைப் படம் எடுத்து, பெரிதாக்கி, புள்ளிகளை எண்ணினார்.

"ஏங்க, இவர் சொல்றது சரிதான். இடது கால்ல ஒரு புள்ளி கம்மி."

அப்பளங்களிடையே சலசலப்பு. டாக்டர் விடுவாரா? "அவனை இந்தப் பக்கம் திருப்பி ஓட விடுங்க" என்றார். திருப்பினேன். டாக்டரின் மனைவி மறுபடி எண்ணினார். இப்போது வலது காலில் ஒரு புள்ளி கம்மி.

"பாத்தீங்களா? கேம் செஞ்சவன் ஒரே படத்தைத் திருப்பிப் போட்டிருக்கான். திரும்பினா குட்டைக்கால் மாறுற மனுஷன் எங்கயாவது உண்டா?" என்றார் டாக்டர்.

முதலாளி எழுந்துவிட்டார். பெஞ்சு போனது என்று நான் முடிவே செய்துவிட்டேன். அண்ணாச்சி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப ரெண்டு முழங்காலும் போச்சு" என்றார் மெதுவாக. "வலிக்கிற கால மாத்தி மாத்தி ஊனுதான். வெளிய தெரியக்கூடாதுன்னு ஓடுதான், பாவிப்பய."

டாக்டரின் மனைவி பட்டென்று சிரித்தார். "இவரும் பத்து வருஷமா அப்படித்தாங்க நடக்குறாரு. கேட்டா ஒண்ணுமில்லேம்பாரு."

டாக்டர் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாட்ச்சைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். "அந்த பெஞ்சு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"பின்னால சார், வாங்க, நானே காட்டுதேன்" என்று முதலாளி முன்னால் ஓடினார். ஓடியதோடு இல்லாமல், தன் கையாலேயே பெஞ்சைத் துடைத்தும் போட்டார்.

டாக்டரைக் குப்புறப் போட்டு, நிமிர்த்திப் போட்டு, அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டு அண்ணாச்சி ரிசப்ஷனுக்கு வந்தார். கேம் பாதியில் நின்றிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, எண்ணெய்க் கட்டைவிரலை நீலச்சட்டையின் முழங்கால்மேல் வைத்து, மூன்று தடவை இதமாக அமுக்கித் தேய்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் அசடு வழிந்தார்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கான். நான் என்ன செய்ய, சொல்லும்."

அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் என்பதால் விட்டுவிட்டேன்.

டிவியைத் துடைக்கச் சொல்லி முதலாளி அடிக்கடி சத்தம் போடுகிறார். நானும் நாலு மூலையையும் துடைக்கிறேன், நடுவில் அந்த ஓரிடத்தைத் தவிர. அந்த ஆட்டத்தில் மரமும் மலையும்தான் நகரும், பள்ளம் தாண்டும் நேரம் தவிர ஆள் திரையின் நடுவைவிட்டு அசைவதில்லை. அதனால் எவ்வளவு தூரம் ஓடினாலும் அவன் முழங்காலில் அண்ணாச்சியின் எண்ணெய் மினுங்கிக்கொண்டே இருக்கிறது.