பெரிய கிராணியின் டிரான்சிஸ்டர்

திருப்புளி சுற்றியது. திருகாணி அசையவில்லை.

லாசரஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். மேஜை மேல் ஒரு ஜப்பான் டிரான்சிஸ்டர் ரேடியோ குப்புறக் கிடந்தது. கையகலம்தான் இருக்கும். அதன் முதுகில் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் மூடி வந்துவிடும். மூடி வந்துவிட்டால் உள்ளே எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆனால் மனைவியின் தையல் மெஷின் இழுப்பறையிலிருந்து எடுத்த குட்டித் திருப்புளி, முதல் திருப்பிலேயே வழுக்கி ஒரு வட்டம் போட்டுவிட்டு நின்றது.

"வந்துடு லா," என்றார் திருகாணியிடம். "நல்ல பிள்ளை இல்லே?"

சொந்த ரேடியோவாக இருந்தால் கவலையில்லை. இது அவர் வேலை பார்க்கும் துறைமுகக் கிடங்கு ஆபீசின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, பரமசிவத்தினுடையது. பரமசிவம் இருமினால் எட்டுக் கிராணிகளும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். லாசரஸுக்கு இந்த வருஷமாவது பதவி உயர்வு உண்டா இல்லையா என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பப் போகிறவரும் அவர்தான்.

இரவல் வாங்கியதற்குக் காரணம் பிலோமினம்மாள். போன வாரம் அவள் வானொலி நிலையத்துக்குப் போய், மாதர் நிகழ்ச்சிக்காக நெத்திலி சம்பல் செய்வது பற்றி ஐந்து நிமிஷம் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒலிபரப்பு. வீட்டில் ரேடியோ இல்லை.

"பக்கத்து வீட்டு ரஷீதாகிட்ட பெரிய ரேடியோ இருக்கே, அங்க போய்க் கேப்போமே," என்று லாசரஸ் சொன்னார்.

"ஐயோ, வேணாங்க. நான் பேசினதை நாலு பேர் முன்னாடி நானே உக்காந்து கேக்கறதா? வெக்கமா இருக்கு. நம்ம வீட்ல, நாம ரெண்டு பேர் மட்டும் கேக்கணும்."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது மிகக் கொஞ்சம். ஆகவே லாசரஸ் ஆபீஸ் முழுக்க ரேடியோ தேடினார். விஷயம் எப்படியோ பரமசிவத்தின் காதுக்குப் போய், சனிக்கிழமை மதியம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"ரேடியோ வேணும்னு அலையறியாமே? இந்தா, கொண்டு போ." இழுப்பறையிலிருந்து தோல் உறையோடு எடுத்து நீட்டினார். "திங்கக்கிழமை கொண்டாந்தா போதும். அவசரமே இல்லை லா."

நெருங்கியவர்களிடம் போடும் அந்த 'லா'வைப் பரமசிவம் போட்டுப் பேசி லாசரஸ் அன்றுதான் கேட்டார். நெகிழ்ந்துபோய்விட்டார். அந்த நெகிழ்ச்சியில்தான் பலஸ்டியர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பையைச் சரியாகப் பிடிக்கவில்லை. பஸ் கதவின் இரும்புக் கம்பியில் பை 'டொக்' என்று மோதியது. வீட்டுக்கு வந்து ரேடியோவைத் திருகினார். சத்தமே இல்லை. கீழே கடைக்கு ஓடிப் புது பேட்டரி வாங்கி வந்து, அடியில் அதற்கென்று இருந்த குட்டிக் கதவைத் திறந்து போட்டார். இரைச்சல்கூட வரவில்லை.

பிலோமினம்மாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகப் பீடத்தில் பூ வைக்க ஓபிர் ரோடு மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். வர ஐந்தாகும். அதற்குள் சரி செய்துவிட்டால் அவளுக்கும் தெரியாது, பெரிய கிராணிக்கும் தெரியாது.

திருப்புளிக்கு மடங்காத திருகாணியைச் சாப்பாட்டு மேஜைக் கத்தியின் நுனியால் முயன்று பார்த்தார். திருகாணியின் தலையில் கூட்டல் குறி போல இருந்த வெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் அம்மைத் தழும்பு போல ஒரு குழியாகிவிட்டது. கத்தியின் நுனியும் வளைந்தது.

மூன்றரை மணிக்கு லாசரஸ் கீழ் வீட்டுக் கோவிந்தசாமியைக் கூப்பிட்டார். கோவிந்தசாமி பஸ் கம்பெனி பட்டறையில் பிட்டர். ரேடியோவை வாங்கித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பஸ்ஸையே அக்குவேறு ஆணிவேறா கழட்டுறவன் நான். இது எம்மாத்திரம்? ரப்பர் பேண்ட் இருக்கா?"

ரப்பர் பேண்டைத் திருகாணித் தலையில் வைத்து, அதன் மேல் திருப்புளியை ஊன்றி அழுத்தித் திருப்பினால் பிடிப்பு கிடைக்கும் என்பது அவருடைய பட்டறை அனுபவம். ஊன்றினார். பஸ் சக்கரத்து நட்டைக் கழற்றிப் பழகிய கை அது. ரேடியோவின் முதுகில் 'பட்' என்று ஒரு விரிசல் ஓடியது.

"என்ன சத்தம்?" என்றார் லாசரஸ்.

"இளகுது," என்றார் கோவிந்தசாமி.

இளகவில்லை. ரப்பர்தான் நாராகக் கிழிந்து குழிக்குள் அடைத்துக்கொண்டது. அதை ஊசியால் நோண்டி எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. கோவிந்தசாமிக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் ஒரு பசை டியூப்போடு வந்தார்.

"வெள்ளைக்காரன் பசை. இரும்பையும் இரும்பையும் ஒட்டிடும். திருப்புளியை ஸ்க்ரூவோட ஒட்டிட்டு, காய்ஞ்சதும் ஒரு திருப்பு. முடிஞ்சுது கதை."

"திருப்புளி என் சம்சாரத்தோடது."

"எங்க போயிடப் போவுது?"

எங்கும் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து லாசரஸ் திருப்பிப் பார்த்தபோது, பசை திருகாணியோடு நிற்காமல் வழிந்து, மூடியின் ஓரமெல்லாம் ஓடி இறுகியிருந்தது. முன்பு மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு திருகாணி. இப்போது மூடியே ரேடியோவோடு ஒட்டிவிட்டது. அதன் நடுவில் பிலோமினம்மாளின் திருப்புளி கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நின்றது.

"பசை நல்ல பசைதான்," என்றார் கோவிந்தசாமி. அப்போதுதான் ஷிப்டு ஞாபகம் வந்தவரைப் போல எழுந்து போய்விட்டார்.

மாடிப்படியில் பிலோமினம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டது. லாசரஸ் கொடியில் கிடந்த துண்டை உருவி ரேடியோ மேல் போட்டார். துண்டு ஒரு சின்னக் கூடாரம் போல நின்றது.

"ரேடியோ கொண்டாந்துட்டீங்களா?" என்று உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. தூசி படக்கூடாதுன்னு மூடி வெச்சிருக்கேன்."

"ஏங்க இப்படிக் கூம்பா நிக்குது? ஏரியலா?"

"ஆமா, ஏரியல்."

அவள் துண்டைத் தூக்கினாள். வளைந்த கத்தியைப் பார்த்தாள். விரிசலைப் பார்த்தாள். கடைசியாகத் தன் திருப்புளியைப் பார்த்தாள். அது அசைகிறதா என்று ஒரு விரலால் தட்டியும் பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் லாசரஸுக்குத் தேவலை போலிருந்திருக்கும். அவள் சத்தம் போடவில்லை.

"சரி விடுங்க," என்றாள். "நான் என்ன பெருசா பேசிட்டேன்? சம்பல்தானே." சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்த 'சம்பல்தானே'தான் லாசரஸைக் குத்தியது. ரேடியோவைத் திருப்புளியோடு சேர்த்து ஒரு காகிதப் பையில் போட்டுக்கொண்டு, கைலியை மாற்றிக் கால்சட்டை போட்டுத் தேக்காவுக்குப் பஸ் ஏறினார். பையைக் கிழித்துக்கொண்டு திருப்புளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள்.

தேக்கா மார்க்கெட்டுக்கு எதிரில், கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி வழியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சீனக் கடிகாரக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நுணுக்கமான கை என்று பெயர். அவர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, லாசரஸை ஒரு பார்வை பார்த்தார். மெல்லிய பிளேடால் பசையைக் கீறினார். கைத்துளைப்பானை எடுத்துத் திருகாணியின் தலை மேல் வைத்துச் சுற்றினார். வெள்ளித் தூள் பறந்தது. திருப்புளி கழன்று விழுந்தது. லாசரஸின் மனசில் மாதா கோவில் மணி அடித்தது.

ஆனால் துளைப்பான் திருகாணியின் தலையைத் தின்றுவிட்டு, அந்த ருசியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. மூடியைத் திறந்தபோது, முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஒன்று சுருள் சுருளாக வெளியே வந்தது. கடிகாரக்காரர் அதை விரலால் உள்ளே தள்ளினார். அது வேறு பக்கமாக வந்தது. பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு மலாயில் சொன்னார்:

"சூடா மாத்தி."

செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். லாசரஸ் தொப்பி அணிந்திருந்தால் கழற்றியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் புருஷனும் பெண்சாதியும் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு தட்டில் ரேடியோ: மூடி தனியாக, உடம்பு தனியாக, கம்பி தனியாக. மணி பத்து ஐம்பத்தெட்டு.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை, ரஷீதா வீட்டுக்குப் போலாம் வா," என்றார்.

"வேணாங்க." அவள் ஏனோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லதுக்குத்தான் ஆச்சோ என்னவோ. அதுல ஒண்ணு சொல்லிட்டேன்…"

"என்ன சொன்னே?"

அவள் பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. ரஷீதாவின் ரேடியோ. மேல் மாடியிலும் ஒன்று, எதிர் பிளாக்கில் இரண்டு. ஜன்னல் ஜன்னலாகப் பிலோமினம்மாளின் குரல் நுழைந்தது. கொஞ்சம் நடுங்கி, பிறகு தெளிந்து, நெத்திலியை எப்படிக் கழுவ வேண்டும், மிளகாய் அரைக்கும்போது பிளாச்சான் என்ற இறால் விழுதை எந்த நேரத்தில் போட வேண்டும் என்றெல்லாம் அழகாகச் சொல்லிக்கொண்டு போனது. லாசரஸ் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இவ்வளவு நல்ல குரலா இவளுக்கு? பதினாறு வருஷமாக இந்தக் குரலில்தான் தன்னைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளா?

கடைசியில் நிகழ்ச்சி நடத்தும் அம்மாள், இது புதிதாகச் சமைப்பவர்களுக்குச் சிரமமில்லையா என்று கேட்டாள்.

"சிரமமே இல்லைங்க," என்றன நாலு ரேடியோவும். "எங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். ஆனா அவர் கை பட்டா எதுவும் உருப்படாது. அவரே ஒரு நாள் இந்தச் சம்பலைச் செஞ்சார், நல்லா வந்துச்சுன்னா பாத்துக்குங்களேன்."

பிளாக் முழுக்கச் சிரித்தது. பிலோமினம்மாள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். லாசரஸ் தட்டில் கிடந்த ரேடியோவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். வயிறு குலுங்கியது. விரல் இடுக்கு வழியாக அவரைப் பார்த்த பிலோமினம்மாளுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அதற்குள் ரஷீதா கதவைத் தட்டி, "அக்கா! நீங்களா அது? சொல்லவே இல்லையே!" என்று கூவினாள்.

சாயங்காலம் சிரிப்பு வற்றிவிட்டது. திங்கட்கிழமை மற்ற ஏழு கிராணிகள் முன்னால் திட்டு வாங்குவதைவிட வீட்டில் தனியாக வாங்கிவிடலாம் என்று, நாரிஸ் ரோட்டில் இருந்த பரமசிவத்தின் வீட்டுக்கு இருவரும் கிளம்பினார்கள். பஸ்ஸில் லாசரஸ் ஒத்திகை பார்த்தார்.

"நீ வெளியிலேயே நில்லு. நான் உறையோட நீட்டி, 'ரொம்ப நல்லா பாடுச்சு சார்'னு சொல்லிட்டு வந்துடறேன். நாளைக்கு அவர் திறந்து பாத்தா, நமக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. காது சிவந்துடும். நடந்ததைச் சொல்லிடுங்க."

"பதவி உயர்வு?"

"இல்லாமலா இத்தனை வருஷம் சாப்பிட்டோம்?"

கதவைத் திறந்தது பரமசிவத்தின் மனைவி கமலா. ஐயா குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி உள்ளே உட்கார வைத்தாள். லாசரஸ் உட்காரவில்லை. நின்றபடியே பையைப் பிரித்து, எல்லாவற்றையும் மேஜை மேல் பரப்பினார். பஸ் கம்பி, கத்தி, ரப்பர், பசை, துளைப்பான் என்று ஒன்று விடாமல் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது போல ஒப்பித்தார். காது சிவக்கவில்லை.

"தப்பு முழுக்க என்னோடதுங்க அம்மா. சார் நம்பிக் கொடுத்த பொருளைக் கொன்னுட்டேன். என்ன தண்டனையா இருந்தாலும் ஏத்துக்கறேன்."

பிலோமினம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

கமலா தலையில்லாத திருகாணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மூடியைத் தனியாகத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. குளியலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"ஏங்க, சீக்கிரம் வாங்க! இது செத்து ஒரு வருஷமாச்சு, ஸ்க்ரூவைக் கழட்ட முடியாம, யாராவது கழட்டிப் பாக்க மாட்டாங்களான்னு ஆபீஸ்ல ஒவ்வொருத்தரா இரவல் கொடுத்துப் பாத்தீங்களே, ஏழு பேரும் 'ரொம்ப நல்லா பாடுச்சு சார்'னு அப்படியே கொண்டாந்து கொடுத்தாங்க, கடைசியா ஒரு மனுஷன் திறந்து எடுத்துட்டு வந்திருக்காரு!"